தொழிலுக்கு இடந்தேர்தல்

ஒரு தொழிலைத் தொடங்கக் கருதுவோன் முதலிற் பணத்தைப்பற்றி எண்ணுகின்றான். பின்னர் ஆட்களைப்பற்றியும் சரக்கைப்பற்றியும் எண்ணுகின்றான். இடத்தைப்பற்றியோவெனின், எல்லாவற்றிற்கும் கடைசியிலேயே எண்ணுகின்றான். அதுவும் உறவினர் ஒருவர் காட்டிய அறையையோ வாடகை குறைந்த கட்டடத்தையோ கண்டவுடன் அவ்வெண்ணம் முடிந்துவிடுகின்றது. பணம் குறைந்தாற் கடன் வாங்கலாம். ஆள் பொருந்தாவிடின் வேறு ஆள் வைக்கலாம். ஒரு சரக்கு விலைபோகாவிடின் மற்றொன்றைப் பிடிக்கலாம். இடம் பிழைத்தாலோ, ஊன்றின யந்திரத்தையும் பழகின வாடிக்கையையும் ஒருங்கே விட்டெழ வேண்டும். திருக்குறளிலே காலமறிதல் 49-ஆம் அதிகாரமாகவும், அதனை அடுத்து இடனறிதல் 50-ஆம் அதிகாரமாகவும் வைக்கப்பட்டிருத்தலை மாணவர் அறிவர். அவை போர்மேற் செல்லும் அரசனை நோக்கிக் கூறப்பட்டனவாயினும், அவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கும் முறை வணிகனுக்கும் பொருந்துவதே. ஓரிடத்தின் நன்மை என்றும் ஒருபடித்தாய் நிற்பதன்று. காலம் மாறுங்கால் அதுவும் மாறும்.

இதனை ஆராய்வதற்கு நாம் மான்செஸ்டருக்கோ பம்பாய்க்கோ போகவேண்டுவதில்லை. நம் சேலம் ஜில்லாவிலுள்ள மேட்டூரே போதும். தொழிற்சாலைகள் ஓரூரைத் தேடி ஏன் வந்தன, வந்தவற்றுள் எவை நின்றன, எது போயிற்று, அவற்றின் காரியாலயங்கள் எங்கே அமைந்தன என்பனவற்றை மேட்டூரைப்போல் வெளிப்படையாகக் காட்டும் ஊர் தென்னாட்டில் வேறு சிலவே உண்டு. வேலை நடக்கும் இடத்தைத் தேர்வது ஒரு கேள்வி; கணக்கும் கடிதமும் நடக்கும் காரியாலயத்துக்கு இடம் தேர்வது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரே அளவுகோலால் அளப்பதனாலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன என்பது நம் கருத்து.

மேட்டூர் அணைக்கு முன் இவ்வூர் காவிரிக்கரையிலுள்ள சிற்றூர்களுள் ஒன்று. மைசூருக்கும் சென்னைக்கும் 1924-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டபின், 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அணை வேலை தொடங்கி, 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முடிந்தது. அப்போது சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. அணையின் நீளம் 5,300 அடி, நீர் நிற்கத்தக்க மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரமில்லியன் கன அடி. ஆறு சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே ஒடுங்கிச் செல்லுமிடத்தையே யந்திர நூலார் தேர்ந்தெடுத்தனர். இதுவும் ஓர் இடந்தேர்தலே. ஆனால் ஒருவர்க்குத் தேர்ந்த இடம் மற்றொருவர்க்கு இழந்த இடமாகும் என்பதை இங்கே மறக்கலாகாது. அங்கே இருந்த ஊர்கள் பல நீரில் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியருகே பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தோன்றுதலை இன்றும் மக்கள் சென்று பார்க்கின்றனர்.

அணை கட்டியது பிரதானமாகத் தஞ்சைப் பாசனத்துக்காக. எனினும் அவ்வளவு உயரத்தினின்று விழும் நீரை வாளா விடுதல் ஆகாதென்று அணையடியில் மின்சார நிலையம் அமைத்தனர். அது 1937-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. பதினாயிரம் கிலோவாட் ஆற்றலுள்ள யந்திரங்கள் நான்கு பின்னர் அங்கு ஓடின. இன்று அந்த எண் சிறிதாகத் தோன்றும். அக்காலத்திலோ, நீலகிரியிலுள்ள பைக்காரா நிலையம் 1932-ஆம் ஆண்டிலேதான் தொடங்கியிருந்தது. தென்னாட்டின் பெரும்பாலான ஊர்களில் மின்விளக்கே அரிது. ஆதலின் மலிவான மின்சாரமும், வற்றாத நீரும், அணை வேலைக்காகப் போட்ட ரெயில்பாதையும் ஓரிடத்திற் கூடியது பெரிய வாய்ப்பாயிற்று.

அவ்வாய்ப்பை முன்னரே கண்டவர் திருச்சிராப்பள்ளி சேஷசாயி சகோதரர். மின்நிலையம் ஓடத் தொடங்குமுன்பே, 1936-ஆம் ஆண்டில், மேட்டூர் இரசாயன கைத்தொழிற் கூட்டுறவம் என்று நாம் தமிழிற் கூறத்தக்க மேட்டூர் கெமிக்கல் கம்பெனி ஏற்பட்டுவிட்டது. நெசவாலையொன்றும் அவ்வாண்டிலேயே ஏற்பட்ட கம்பெனியின் பெயரால் இவ்வூரில் நடைபெற்றது. மின்சாரம் வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தவர்க்கு அந்த இடம் கிட்டியிராது.

இரசாயனசாலை செய்தது காஸ்டிக் சோடா. அதனைச் செய்யும் விதத்தைச் சிறிது அறிந்தாலன்றி இடந்தேர்ந்த காரணம் விளங்காது. கறியுப்பை நீரிற் கரைத்து அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால், உப்பு பிரிந்து காஸ்டிக் சோடாவும் குளோரின் வாயுவும் நீரகவாயுவும் உண்டாகும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட உப்பும், இரண்டாயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம் யூனிட் வரை மின்சாரமும் வேண்டும். உப்போ தூத்துக்குடி, வேதாரணியம் முதலிய கடற்கரைகளில் விளைவது. மேட்டூருக்கும் கடலுக்கும் வெகு தூரம். அங்ஙனமாயின் சாலையைக் கடற்கரையிலேயே வைத்திருக்கலாகாதா என்று மாணவர் கேட்பர். கேட்கத்தக்க கேள்வியே. உப்பை மூட்டையாகக் கட்டி ரெயிலில் ஏற்றிவிடலாம். அந்நாளில் மின்சாரத்தை அவ்வளவு தொலைவுக்கு, அவ்வளவு பெருந்தொகையாக, அனுப்பக் கம்பிகள் இல்லை. நகரத்தக்கதை நகராததினிடத்துக்குக் கொண்டுவந்தனர். அவ்வளவே.

இவ்விதியை ஆல்பிரட் வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1909-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே விரித்தெழுதினார். செய்யும்போது எடை குறையும் மூலப்பொருளையுடைய தொழில் அப்பொருள் கிடைக்குமிடத்தை நாடும் என்பதும், எடை குறையாத பொருளாயின் சந்தையை நாடுதலும் கூடும் என்பதும், ஏற்றிச் செல்லும் கூலி முழுவதும் எங்கே மிகக் குறையுமோ அங்கே சாலை அமையும் என்பதும் அவர் கூற்றின் சாரம். நம் ஊர்ச் செங்கற் சூளைக்காரர் ஏரியோரத்திற் சூளை போடுவது வெபரைப் படித்தன்று என்பதையும் சொல்லிவைப்போம்.

குளோரினைப்பற்றி ஒரு வார்த்தை. காஸ்டிக் சோடாவைச் செய்தால் அதன் எடைக்குச் சற்றே குறைந்த குளோரின் கூடவே பிறக்கும். வேண்டாமென்று விலக்க முடியாது. அது நச்சுவாயு, தூரதேசங்களுக்கு ஏற்றிச் செல்லுதல் செலவும் ஆபத்துமாகும். ஆகவே அதை வாங்கிப் பயன்படுத்தும் தொழிலொன்று அடுத்த வேலியிலேயே இருத்தல் நலம். 1967-ஆம் ஆண்டில் கெமிக்கல்ஸ் அண்டு பிளாஸ்டிக்ஸ் என்னும் கம்பெனி மேட்டூரில் பி.வி.ஸி. என்னும் நெகிழிப்பொருளைச் செய்யத் தொடங்கியது இவ்வகையில் மிகப் பொருத்தமாயிற்று. பி.வி.ஸி.யின் எடையிற் பாதிக்கு மேல் குளோரினே. மற்றப் பாதிக்கு வேண்டிய எதிலீன் வாயுவைச் சர்க்கரையாலைக் கழிவுப்பாகினின்று வடித்த சாராயத்திலிருந்து அக்காலத்தில் எடுத்தனர். ஒரு சாலை நின்ற இடம் மற்றொரு சாலைக்குக் காரணமாதல் இவ்வாறே. பின்னாளில் இவ்விரண்டு கம்பெனிகளும் சான்மார் குடும்பத்தில் ஒன்றாகக் கலந்தன.

இனி அலுமினியத்தைப் பார்ப்போம். மேட்டூரின் கதையில் மிக உயர்ந்ததும் மிகத் துயரமானதும் இப்பகுதியே.

மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோ என்று ஊரார் சொல்லுவது, 1960-ஆம் ஆண்டிற் பதிவாகி, இத்தாலி தேசத்து மாண்டிகாட்டினி கம்பெனியாரின் துணையுடன் 1965-ஆம் ஆண்டில் உலோகம் வார்க்கத் தொடங்கிற்று. பாக்சைட்டு என்னும் கனிமண் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்தது. ஒரு டன் அலுமினியத்துக்கு நாலைந்து டன் பாக்சைட்டு வேண்டும். அம்மண்ணைச் சுத்தி செய்யக் காஸ்டிக் சோடா வேண்டும். அதுவோ பக்கத்துச் சாலையிற் பிறப்பது. சுத்தி செய்த அலுமினாவை உலோகமாக்க டன்னுக்குப் பதினைந்தாயிரம் யூனிட் வரை மின்சாரம் வேண்டும். அலுமினியம் என்பது கட்டியாக உறைந்த மின்சாரமே என்று சொன்னாலும் மிகையன்று. அமெரிக்காவில் 1895-ஆம் ஆண்டில் அலுமினியம் செய்வோர் பிட்ஸ்பர்க்கை விட்டு நயாகரா நீர்வீழ்ச்சியருகே சென்றதற்கும், திருவிதாங்கூரில் பள்ளிவாசல் மின்சாரம் 1940-ஆம் ஆண்டில் வந்தபின் 1943-ஆம் ஆண்டில் ஆலுவாயில் அலுமினியச்சாலை ஏற்பட்டதற்கும் காரணம் ஒன்றே. மலை இருபுறமும், ஆறு நடுவிலும், மின்சாரம் அடியிலுமாக இருந்த மேட்டூரைக்காட்டிலும் நல்ல இடம் 1965-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இருந்ததென்று நாம் நினைக்கவில்லை.

அப்படித் தேர்ந்த இடமும் நாளடைவில் தேய்ந்தது. இதன் காரணத்தை ஊன்றி நோக்க வேண்டும். மேட்டூர் அணையின் மதகு மின்சாரக்காரர் கையில் இல்லை. வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி அடைப்பது பாசனத்துக்காக. டெல்டாவுக்கு நீர் வேண்டாத மாதங்களில், அன்றி அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில், யந்திரங்கள் நிற்கவே நேரும். அலுமினியத் தொட்டியோ ஒருநாளும் அணையலாகாது; சிலமணி நேரம் மின்சாரம் நின்றாலும் உள்ளிருப்பது உறைந்து தொட்டியே கெடும். ஆகையால் மேட்டூர் நீரையன்றி மாகாணம் முழுவதிலும் பின்னிக்கிடந்த கம்பிவலையை நம்பியே அந்தச் சாலை நடக்க வேண்டியதாயிற்று. அந்த வலையோ எல்லாருக்கும் பொது. கோயம்புத்தூரிலுள்ள பம்புக்கும் சென்னையிலுள்ள விசிறிக்கும் அதே மின்சாரம் போயிற்று. பற்றாக்குறை வந்தபோது, மிகுதியாக உண்பவனுடைய இலையிலிருந்தே முதலிற் குறைத்தனர். 1999-ஆம் ஆண்டளவில் மால்கோவார் தமக்கென நிலக்கரியால் நடக்கும் மின்நிலையம் வைத்துக்கொள்ளும்படியாயிற்று. நீர்மின்சாரத்தை நாடி மேட்டூருக்கு வந்த சாலை, நிலக்கரியே இல்லாத மேட்டூருக்கு நிலக்கரியை வரவழைத்து எரித்தது! 2008-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் உலோக விலை வீழ்ந்தபோது அச்செலவு தாங்காமல் அவ்வாண்டின் கடைசியில் உருக்குவேலை நிறுத்தப்பட்டது. அங்கு உழைத்தவர் தம் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் அச்சாலையை நம்பியே மேட்டூரில் அமைத்துக்கொண்டவர். கம்பெனி தன் முதலை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும்; ஐம்பது வயதான தொட்டிவேலைக்காரர் எங்கே செல்வார்? பாக்சைட்டைச் சுத்தி செய்து மிஞ்சிய செம்மண்குழம்பு குவிந்துகிடக்கும் மேடும் அங்கேயே கிடக்கின்றது.

இதற்கு மாறாகத் தூத்துக்குடிப் பக்கத்து ஆறுமுகனேரியருகே சாகுபுரத்தில் 1950-க்குப் பின்வந்த ஆண்டுகளில் காஸ்டிக் சோடாச்சாலை யொன்று ஏற்பட்டது. உப்பளம் வாயிலிலே; பாபநாசத்து நீர்மின்நிலையமோ 1944-ஆம் ஆண்டு முதலே அந்தச் சீமைக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது. 1936-ஆம் ஆண்டில் நகராதிருந்த மின்சாரம் பின்னர் நகரத் தொடங்கிவிட்டது. எனவே மேட்டூரின் தனிச்சிறப்பு மேட்டூருக்கு மட்டும் உரியதாயில்லை. நகராதது எது என்று கேட்பதோடு, அது இன்னும் எத்தனை ஆண்டுக்கு நகராதிருக்கும் என்றும் கேட்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மின்சாரம் நகரலாயிற்று, நீர் நகரவில்லை. 1987-ஆம் ஆண்டு முதல் மேட்டூரில் நடக்கும் அனல்மின்நிலையம் இதற்குச் சான்று. அதற்கு வேண்டிய நிலக்கரி வடகிழக்கிலுள்ள சுரங்கங்களினின்று கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து ரெயிலேறி வருகின்றது. இவ்வளவு வழிச்செலவையும் பொறுத்தது, கொதிகலனுக்கும் குளிர்விப்பதற்கும் வேண்டிய நீர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் இருந்தமையால். முதலில் 210 மெகாவாட் யந்திரங்கள் நான்கும், பின்னர் 600 மெகாவாட் யந்திரம் ஒன்றும் நிறுவினர். நிலக்கரியின் சாம்பலை வாங்கிக் கல் அறுக்கும் சிறுதொழில்கள் சுற்றிலும் பெருகின. குளோரினுக்குப் பி.வி.ஸி. போல, சாம்பலுக்குக் கல்.

மூலப்பொருளை நம்பி இடந்தேர்ந்து ஏமாந்தோரும் நம் ஜில்லாவில் உண்டு. ஜோஷியா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்து இரும்புக்கல்லின் சிறப்பைக் கண்டு, 1830-ஆம் ஆண்டில் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். கல் சேலத்திலிருந்து செல்லவேண்டும். மரக்கரி காடுகளிலிருந்து வரவேண்டும். பின்னர்க் காவிரிக்கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் ஓர் உலை ஏற்பட்டது. எவ்விடத்தும் கல்லுக்குக் குறைவில்லை, மரக்கரியே தீர்ந்தது. கணக்கிற் கல்லை எழுதினவர் காட்டை எழுத மறந்தனர். கஞ்சமலையடியில் 1970-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையோ, அம்மலையின் இரும்பை எண்ணியே அவ்விடத்துக்கு வந்தது. ஆயினும் 1980-க்குப் பின் துருவேறா உருக்குத் தகடு உருட்டத் தொடங்கியபோது மலை பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. உலோகம் வெளியூரிலிருந்து வந்தது.

நிற்க. இதுவரை கூறியது யந்திரசாலைக்கு. காரியாலயம் வேறு பிராணி. அதற்கு உப்பும் வேண்டாம், பாக்சைட்டும் வேண்டாம். அது உண்பது காகிதமும் பேச்சும், நாடுவது மனிதரை. மேட்டூரில் பி.வி.ஸி. செய்யும் சான்மார் கம்பெனியாரின் தலைமைக் காரியாலயம் சென்னைக் கதீட்ரல் வீதியில் இருக்கின்றது. பாங்கி, அரசாங்க இலாகா, வழக்கறிஞர், பெரிய கொள்முதல்காரர் யாவரும் அந்நகரிலே ஆதலின் அஃது இயல்பே. ஆனால் அதே காவிரிக்கரையில், பள்ளிபாளையத்தில், 1960-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சேஷசாயி காகிதச்சாலையார் தம் பதிவுசெய்த காரியாலயத்தைச் சாலையிருக்குமிடத்திலேயே வைத்துக்கொண்டனர். அதிலும் ஒரு வேடிக்கை: சாலையிருப்பது நாமக்கல் ஜில்லா; தபால் விலாசம் ஈரோடு; தபாலாபீசின் பெயர் காவேரி ரெயில் நிலையம். வாங்குபவர்க்கு ஈரோடு தெரியும், பள்ளிபாளையம் தெரியாது. விலாசத்துக்கு ஒரு விலை உண்டென்பதை அறியாதவர் இதனை வெறுந்தபால் வழக்கென்று தள்ளுவர்.

பதிவுசெய்த காரியாலயம் என்பது சட்டச்சொல். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி பதிவான முப்பது நாளுக்குள் அத்தகைய இடமொன்று இருந்தாக வேண்டும். வாயிலிற் பெயர்ப்பலகை அவ்விடத்து மொழியிலும் எழுதப்பட வேண்டும். நோட்டீசு, சம்மன் முதலியன அவ்விலாசத்துக்கே செல்லும். ஆகையால் ஆள் இல்லாத பூட்டிய அறையை விலாசமாகக் கொடுப்பவர், தமக்கு எதிரான தீர்ப்பையும் பூட்டுக்குள்ளேயே பெற்றுக்கொள்ள நேரும்.

பெருங்கம்பெனிகளை விட்டு நம் மாணவர் நிலைக்கு வருவோம். மேட்டூரிலோ மேச்சேரியிலோ ஓமலூரிலோ ஒரு சிறு காரியாலயம் திறக்க விரும்பும் இளைஞர் முதலிற் கேட்கவேண்டுவது வாடகை எவ்வளவு என்பதன்று. யார் யாரைத் தேடி வருவர் என்பதே. வாடிக்கையார் நம்மைத் தேடி வருவதாயின், அவர் வழக்கமாக நடக்கும் வீதியில் நாம் இருத்தல் வேண்டும். நாம் அவரைத் தேடிப் போவதாயின், உதாரணமாக அனல்மின்நிலையத்திற் குழாய் பழுதுபார்க்கும் குத்தகைக்காரராயின், வீதிமுகப்பினால் ஒரு பயனுமில்லை. கருமலைக்கூடல் பக்கத்தில் சாமான் வைக்க இடமும் வண்டி திரும்ப வாயிலும் இருந்தாற் போதும். இருவரும் எவரையும் தேடிச் செல்லாமல் தொலைபேசியாலும் கணினியாலும் முடியும் வேலையாயின், மலிவும் அமைதியும் தடையற்ற மின்சாரமுமே வேண்டுவன. மாதேசுவரன் மலைச் சாலையிலுள்ள கொளத்தூரும் அதற்கு ஏற்கும்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வருமானவரி, ஓய்வூதியம் முதலியவற்றுக்குரிய காகிதங்கள் எழுதித் தரும் காரியாலயத்தை மேட்டூர் ஆர்.எஸ். பகுதியில் ஓர் அழகிய மாடியறையில் வைத்தார். வாடகை குறைவு, காற்று மிகுதி, சுவரெல்லாம் புதுச்சுண்ணம். ஓராண்டுக்குப் பின்னரும் வந்தோர் சிலரே. அவரிடம் வரத்தக்கவரோ சாலைகளிலும் மின்நிலையத்திலும் முப்பது ஆண்டு நின்று உழைத்து முழங்கால் தேய்ந்த முதியோர். படி இருபத்திரண்டு, கைப்பிடியும் இல்லை. அவர் அதே தெருவிற் கீழ்த்தளத்தில், முன்னதிற் பாதியளவுள்ள அறைக்கு, அதிக வாடகை கொடுத்து இறங்கினார். இப்பொழுது வாயிற்றிண்ணையிலேயே நாலுபேர் காத்திருக்கின்றனர்.

ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்திற் கூடுதலைப்பற்றியும் சொல்லவேண்டும். சேலத்தில் வெள்ளிக்கொலுசு வேண்டுவோர் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவர். தானியம் வேண்டுவோர் லீ பஜாருக்குப் போவர். லாரிக்குக் கூண்டு கட்ட நாமக்கல்லுக்கும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிக்குத் திருச்செங்கோட்டுக்கும் நாட்டின் நாலாபுறத்தினின்றும் வருவர். போட்டிக்காரன் பக்கத்தில் கடைவைப்பது பேதைமையென்று தொடக்கக்காரர் எண்ணுகின்றனர். ஹரால்டு ஹோட்டலிங் என்னும் அமெரிக்கர் 1929-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே தெருவிலுள்ள இரு கடைக்காரர் இயல்பாகவே ஒருவரையொருவர் நெருங்கி வருவர் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஹோட்டலிங்கின் கணக்கில் வராத காரணமும் ஒன்றுண்டு. கூண்டு கட்டுமிடத்திலேயே தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர், பழைய இரும்பு வாங்குவோர் யாவரும் கிடைப்பர். ஒரு கடையில் வேலையில்லாத நாளில் அடுத்த கடையில் வேலை கிடைக்குமாதலின் தேர்ந்த தொழிலாளி அவ்வூரை விட்டுப் போகான். மேட்டூரில் தனித்து நின்ற அலுமினியச்சாலை மூடினபோது, தொட்டிவேலையறிந்தவருக்கு அடுத்த தெருவில் வேறொரு தொட்டி இல்லாது போயிற்று.

வாடகை என்பது பலகையில் எழுதிய எண் மட்டுமன்று. முன்பணம், பழுது பார்க்கும் செலவு, மின்சாரக் கட்டணம், வந்துபோகும் பஸ் செலவு, பெண்கள் வேலைக்கு வரும் காரியாலயமாயின் அவர்க்குத் தக்க கழிப்பிடம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். வீட்டுக்கென்று வாங்கிய மின்னிணைப்பில் வியாபாரம் நடத்துவது இங்கே மிகச் சாதாரணமாய்விட்டது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, அவ்வாறு உபயோகித்த காலத்துக்கு உரிய கட்டணத்தில் இருமடங்கு விதிக்கலாம். மூவாண்டு மிச்சம் பிடித்தது ஒருநாளிற் போம்.

பத்திரத்தைப்பற்றிச் சிறிது நின்று பேசுவோம். அறையைப் பார்க்கும் ஆவலில் இதனைப் பார்ப்பவர் அரியர். முன்பிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றிய புதுச் சட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தல் வேண்டும். வேறு உடன்படிக்கை இல்லாவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவும் ஆகாது. பத்து மாத முன்பணத்தை வாய்ச்சொல்லில் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. வாய்ச்சொல்லில் நடந்த பத்தாண்டு வியாபாரம், வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் நால்வர் வந்து நாலுவிதமாகப் பேசும்போது நடுத்தெருவில் நிற்பதை மேட்டூரிலும் காணலாம், மேச்சேரியிலும் காணலாம். கையெழுத்திடுபவருக்கு அவ்விடம் உரியதுதானா என்று வீட்டுவரி இரசீதிலும் பட்டாவிலும் பார்த்தல் ஐயப்படுதலன்று; ஜி.எஸ்.டி. பதிவுக்கும் வாடகைப்பத்திரமோ மின்சார இரசீதோ காட்டியே தீரவேண்டும். மேட்டூர் போன்ற இடத்தில் மற்றொன்றும் உண்டு. அணை வேலைக்காக அரசாங்கத்தார் எடுத்த நிலமும், சேலம் கேம்ப்பு என்று இன்னும் பெயர் வழங்கும் அக்காலத்துக் குடியிருப்பு முதலியனவும் ஊரிற் பரந்து கிடத்தலின், நிலம் எவருடையது என்னும் கேள்வி மற்ற ஊர்களைக்காட்டிலும் இங்கே முக்கியம்.

ஆற்றங்கரையில் யந்திரம் வைக்க நினைப்பவர் ஒன்று அறியக்கடவர். 1936-ஆம் ஆண்டில் ஆறு அருகில் இருப்பது முழுநன்மையென்று எண்ணினர்; கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டவர் சிலரே. கீழே பவானியிலும் ஈரோட்டிலும் திருச்சியிலும் அந்நீரையே மக்கள் குடிக்கின்றனர். 1974-ஆம் ஆண்டில் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1989-ஆம் ஆண்டு அரசாணையினால் மிகுதியாக மாசு செய்யும் புதுத்தொழில்கள் ஆறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் அமைதல் தடுக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் காவிரி முதலிய ஆறுகளுக்கு அவ்வெல்லை ஐந்து கிலோமீட்டராக விரிந்தது. சேஷசாயி சகோதரர் தேர்ந்த அதே இடத்தை அவ்வகைத் தொழிலுக்கு இன்று ஒருவர் புதிதாகத் தேர முடியாது. சாயப்பட்டறை வைக்க விரும்பும் எடப்பாடி, ஜலகண்டாபுரத்து நெசவாளர் பிள்ளைகள் நூல்விலையை விசாரிப்பதற்கு முன்னே இதனை விசாரித்தல் நலம்.

கடைசியாக, இடத்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்தல் ஆகாது. ஆடிப்பதினெட்டன்று அணைப்பூங்காவைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கவே வழியிராது. அங்குப் பழக்கடை வைப்பவருக்கு அது திருநாள், கணக்கு எழுதுபவருக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையில் பார்த்த வீதி திங்கட்கிழமையில் வேறு வீதி. மழைநாளில் ஒருமுறை, மின்சாரம் நின்ற நேரத்தில் ஒருமுறை, சித்திரை மாதத்துப் பிற்பகல் நாலுமணிக்கு ஒருமுறை சென்று அவ்வறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மேற்கு நோக்கிய தகரக்கூரை அறையாயின் அந்த அரைமணி நேரமே போதும். பத்திரத்தை மடித்து வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடக்கலாம்.